உடையுமா என்பது பாதிக் கேள்வி

ஜூன் மாத மழை வலுத்ததும் தோப்பும்படியில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "டாம் பொட்டுமோ?" டீக்கடையில், மீன் மார்க்கெட்டில், மட்டாஞ்சேரிக்குப் போகும் பஸ்ஸில் எங்கும் இதே கேள்வி. முல்லைப் பெரியாறு அணை இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில், மலை மேல் இருக்கிறது. ஆனால் பெரியாறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வராப்புழை வழியாகக் கொச்சிக் காயலில் வந்து கலக்கிறது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கடலுக்கு வழி திறந்ததால்தான் கொச்சித் துறைமுகமே உண்டாயிற்று என்பார்கள். வெள்ளத்தில் பிறந்த ஊர் வெள்ளத்துக்குப் பயப்படுவதில் ஆச்சரியமில்லை.

அதே தோப்பும்படியில் இருக்கும் தமிழரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். "பென்னிகுவிக் கட்டின அணை. அசையாது." தேனி மாவட்டத்தில் வீட்டுச் சுவரில் அந்த ஆங்கிலேயரின் படத்தை மாட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. இங்கே சந்தைக்கு வரும் காய்கறியில் கம்பம் பள்ளத்தாக்கில், இதே அணையின் தண்ணீரில் விளைந்ததும் உண்டு. பயப்படுகிறவரும் நம்புகிறவரும் ஒரே தண்ணீரில் விளைந்ததைத்தான் சாப்பிடுகிறார்கள்.

"உடையும்" என்பவர் ஒரு பக்கம், "உடையாது" என்பவர் மறுபக்கம். கடந்த 45 ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு மாநிலங்களும் இந்த இரண்டு சொற்களை வைத்தே வழக்காடி வந்திருக்கின்றன. வயதான அணையின் அபாயத்தை மதிப்பிடுகிற பொறியாளர் கேட்பது வேறு கேள்விகள். எப்படியெல்லாம் உடையலாம்? ஒவ்வொரு வழிக்கும் வாய்ப்பு எவ்வளவு? உடைந்தால் கீழே யார் இருப்பார்கள், அவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? வாய்ப்பையும் விளைவையும் பெருக்கி வருவதுதான் அபாயம். உடையுமா என்பது அதில் பாதிக் கேள்வி.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரைக் கட்டுமானம். மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் வயலும் குடமும் நிறைவது அதனால்தான்.

சச்சரவு தொடங்கிய ஆண்டு 1979. அந்த ஆகஸ்ட் 11இல் குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதிர்ச்சி கேரளத்தில் எதிரொலித்தது. நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத்தின் தலைவர் வந்து பார்த்தார். நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் முடிவாயின. அணையின் உச்சியில் கான்கிரீட் தொப்பி, மேலிருந்து துளையிட்டு அடிப்பாறையோடு இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள், பின்புறத்தில் முட்டுக் கொடுத்தது போல ஒரு கான்கிரீட் சுவர்.

மோர்வியைப் பார்த்து முல்லைப் பெரியாறுக்குப் பயந்தது மனித இயல்பு. பொறியியல் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு. மச்சு அணையின் இரு பக்கமும் மண் கரை. உபரி நீரை வெளியேற்றும் மதகுகளால் சமாளிக்க முடியாத வெள்ளம் வந்து, கரைக்கு மேல் வழிந்து, மண்ணை அரித்துக்கொண்டு போனது. அப்போது அதன் வயது வெறும் 7.

வயது விஷயத்தில் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அணைகள் உடைந்த பட்டியலைப் பாருங்கள். பிரான்சின் மால்பசே அணை 1959இல் உடைந்தபோது கட்டி முடித்து ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் டீட்டன் அணை 1976இல் முதல்முறை நிரம்பும்போதே உடைந்தது. 1961 ஜூலையில் புணே நகரை மூழ்கடித்த பான்ஷெட் அணை வேலை முழுதாக முடியாத புது அணை. தொட்டிலிலேயே சாகும் அணைகள் அதிகம். முதல் சில நிரப்பல்களைத் தாங்கிவிட்ட அணை ஒரு பெரிய தேர்வில் தேறிவிட்டது என்று அர்த்தம். முல்லைப் பெரியாறு அந்தத் தேர்வில் என்றோ தேறிவிட்டது.

அதனால் "வயதாகிவிட்டது, உடையும்" என்ற வாதம் நிற்காது. "இத்தனை வருடம் நின்றது, இனியும் நிற்கும்" என்ற வாதமும் நிற்காது. வயது கூடும்போது வேறு சில சங்கதிகள் மாறுகின்றன. மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, கட்டுமானம். இது தன் எடையால் தண்ணீரைத் தடுத்து நிற்கிற அணை. சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கரைந்து கசிவு நீரோடு வெளியேறினால் எடை குறையும். அது மட்டுமல்ல. அணைக்கும் பாறைக்கும் இடையில் புகும் நீர் அணையை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும். 1895 ஏப்ரலில், முல்லைப் பெரியாறு திறப்பதற்குச் சில மாதம் முன்பு, பிரான்சில் பூசே என்ற கல் அணை உடைந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மேல்நோக்கிய விசையின் முக்கியத்துவத்தைப் பொறியாளர் உலகம் அந்த விபத்தில்தான் உணர்ந்தது. பென்னிகுவிக்கின் வரைபடம் அதற்கு முந்தியது. இது அவர் குற்றமல்ல. அன்றைய அறிவின் எல்லை அது. 1980களில் போட்ட எஃகு வடங்களும் முட்டுச் சுவரும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். அவை இன்று எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பது அளந்து சொல்ல வேண்டிய விஷயம். நம்பிக்கையால் தீர்வதல்ல.

இரண்டாவது, வெள்ளத்தைப் பற்றிய கணக்கு. அணைக்கு வரக்கூடிய அதிகபட்ச வெள்ளம் விநாடிக்கு 2.12 லட்சம் கன அடி என்றது மத்திய நீர்வள ஆணையத்தின் கணக்கு. கேரளம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் கேட்டு வாங்கிய கணக்கு சுமார் 2.91 லட்சம் கன அடி என்றது. இரண்டும் ஒரே மலை, ஒரே மழை பற்றியவை. எந்த மழையை எந்த நேர அளவில் பெய்ய விடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெய்த மழைக்குப் பிறகு எந்தப் பழைய கணக்கையும் மறுபடி போட்டுப் பார்க்காமல் விட முடியாது.

மூன்றாவது மாற்றம் அணையில் இல்லை, அணைக்குக் கீழே இருக்கிறது. 1895இல் கீழே பெரும்பகுதி காடு. இன்று வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை, ஐயப்பன்கோவில் என்று ஊர்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வசிப்பவர்களில் தமிழர்களும் ஏராளம். அணையின் ஒரு கல்கூட நகராமல் இருந்தாலும், கீழே குடியிருப்பு பெருகினாலே அபாயம் பெருகிவிடுகிறது. ஐ.நா. பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட வயதான அணைகள் பற்றிய அறிக்கை, முல்லைப் பெரியாறு உடைந்தால் சுமார் 35 லட்சம் பேர் ஆபத்துக்குள்ளாவார்கள் என்றது. இந்த எண்ணைக் கேரளத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இது விளைவைப் பற்றிய எண் என்பதையும், உடையும் வாய்ப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

தமிழ்நாடு செய்வது இதற்கு நேர் எதிர். நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அதிகாரக் குழு 2012இல் அணை நீரியல், கட்டுமானம், நில அதிர்வு மூன்று வகையிலும் பாதுகாப்பானது என்றது. 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு அனுமதி தந்தது. அந்த நவம்பரிலேயே, 35 ஆண்டுகளுக்குப் பிறகு, நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. தமிழ்நாட்டில் பட்டாசு வெடித்து விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்தோம். வாய்ப்பு குறைவு என்ற தீர்ப்பு நம் கையில் இருந்தது. விளைவு என்ன என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

ஆக ஒரு மாநிலம் வாய்ப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது. இன்னொன்று விளைவைப் பற்றி மட்டும் பேசுகிறது. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெருக்கிப் பார்க்க இருவரும் ஒரே மேஜையில் உட்காருவதில்லை.

பெருக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? ஓர் உதாரணம். முல்லைப் பெரியாறு உடைந்தாலும் கீழே உள்ள இடுக்கி அணை அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் என்பது தமிழ்நாட்டின் வாதம். 152 அடியில்கூட முல்லைப் பெரியாறின் கொள்ளளவு சுமார் 15.5 டி.எம்.சி.தான், இடுக்கியோ சுமார் 70 டி.எம்.சி. அளவுள்ளது. மே மாதத்தில், இடுக்கி வற்றிக் கிடக்கும்போது, இந்த வாதம் சரி. ஆகஸ்டில் இடுக்கி நிரம்பியிருந்தால்? அப்போது கேரளத்தின் வாதம் சரி. அணை உடைவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள நாட்கள் பெருமழை நாட்களே. இடுக்கி நிரம்பியிருப்பதும் அதே நாட்களில்தான். இரண்டு அணைகளையும் தனித்தனியாக ஆராய்ந்தால் இந்த உண்மை கண்ணில் படாது. 1961இல் பான்ஷெட் உடைந்தபோது கீழே 80 வயதைத் தாண்டிய கடக்வாஸ்லா கல் அணை இருந்தது. மேலிருந்து வந்த வெள்ளம் அதையும் உடைத்துக்கொண்டுதான் புணேவுக்குள் நுழைந்தது.

வண்டிப்பெரியாறுக்காரருக்கு இந்த வாதங்கள் எதுவும் பொருட்டில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் முல்லைப் பெரியாறுக்கும் இடுக்கிக்கும் நடுவில் இருக்கிறார். இடுக்கி எவ்வளவு காலியாக இருந்தாலும் அவர் வீட்டைத் தாண்டித்தான் தண்ணீர் அங்கே போக வேண்டும். அவருக்கு முக்கியம் நேரம். டீட்டன் அணை பட்டப்பகலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசிந்து உடைந்தது, எச்சரிக்கை போனது, இறந்தவர்கள் 11 பேர். மால்பசே இரவில் சட்டென்று உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு சைரன், ஓர் ஒழுங்கான வெள்ள வரைபடம், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பழகிய ஊர்: அணையில் கை வைக்காமலேயே அபாயத்தைக் குறைக்கும் வழிகள் இவை. இதற்கு 136 அடியா, 142 அடியா என்ற தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அணை உடைவது என்றாலே சுவர் பிளப்பதாக நாம் நினைக்கிறோம். சமீப காலத்தில் நம் பக்கத்து அணைகளில் போனதெல்லாம் ஷட்டர். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்துக் கொள்ளிடம் அணையின் ஷட்டர்கள் வெள்ளத்தில் போயின. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டது. 2024 ஆகஸ்டில் துங்கபத்ராவில் சங்கிலி அறுந்து ஒரு ஷட்டர் போனது. சங்கிலி, மோட்டார், மின்சாரம், அதை இயக்கும் ஆள் என்று சின்ன விஷயங்களில்தான் பெரிய அணையின் உயிர் இருக்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் முல்லைப் பெரியாறைப் பாருங்கள். காட்டு யானை ஒன்று மின்சாரம் பாய்ந்து இறந்ததால் 2000இல் அணைக்கு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பக் கிடைத்தது 2021 ஜனவரியில். 20 ஆண்டுகள் ஜெனரேட்டரை நம்பி ஓட்டினார்கள். "உடைந்துவிடும்" என்று ஒரு மாநிலமும் "உடையாது" என்று இன்னொரு மாநிலமும் டெல்லியில் மூத்த வக்கீல்களை வைத்து வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது. பிரதான அணைக்குப் பக்கத்திலுள்ள பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி தந்தது. சில நாளில் கேரள அரசு அதை ரத்து செய்தது. அணை பலவீனமானது என்று சொல்கிற அரசு, அதைப் பலப்படுத்தவும் விடமாட்டேன் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு அக்கறை அல்ல.

தோப்பும்படிக்காரர்களுக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியாமல் இல்லை. வில்லிங்டன் தீவுக்குப் போகும் பழைய துறைமுகப் பாலம் வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டியது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் கனரக வண்டிகள் அதற்கு மாறின. பழையதில் சிறு வண்டிகள் போகின்றன. பாலம் நல்லதா கெட்டதா என்று யாரும் மனிதச் சுவர் எழுப்பவில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்தார்கள், அதற்கேற்ப விட்டார்கள். 2011 டிசம்பரில் அணைக்காக இடுக்கி மலையிலிருந்து கொச்சி வரை மனிதச் சுவர் நின்றது. குமுளியில் எல்லை மூடிக் கிடந்தது. பாலத்திடம் காட்டிய நிதானத்தை அணையிடம் காட்ட முடியவில்லை. காரணம், பாலத்தின் இரண்டு முனையும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன.

அபாய மதிப்பீடு என்பது நிபுணர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு நற்சான்று தருவதல்ல. அமெரிக்காவில் 2017 பிப்ரவரியில் ஆரவில் அணையின் உபரி நீர்ப் பாதை பெயர்ந்து சுமார் 1.88 லட்சம் பேரை ஒரே நாளில் அப்புறப்படுத்தினார்கள். அந்த நாட்டிலேயே உயரமான அணை. பலமுறை, பல அமைப்புகள் பரிசோதித்த அணை. பிறகு விசாரித்த சுயேச்சைக் குழு எந்த ஒரு தனி மனிதரையும் குற்றம் சாட்டவில்லை. கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்தார்கள். எப்படி உடையலாம் என்று பழைய வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்கவில்லை என்றது. பல தடவை பார்த்ததே பாதுகாப்பு என்று எண்ணிவிட்டார்கள்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு பெரிய அணைக்கும் விரிவான பாதுகாப்பு ஆய்வு, அபாய மதிப்பீடு, அவசர காலத் திட்டம் மூன்றையும் கட்டாயமாக்குகிறது. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே அதைக் கவனிக்கும். முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. தன் உரிமை போய்விடும் என்று தமிழ்நாடு இந்தச் சட்டத்தை எதிர்த்தது. 2024 செப்டம்பரில், 2011க்குப் பிறகு முதல்முறையாக, முல்லைப் பெரியாறில் விரிவான ஆய்வு நடத்த மேற்பார்வைக் குழு முடிவு செய்தபோது, பேபி அணையைப் பலப்படுத்திய பிறகு ஆய்வு என்றது தமிழ்நாடு. முதலில் ஆய்வு என்றது கேரளம். பழைய நாடகத்தின் புதிய காட்சி.

தமிழ்நாட்டின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1979இல் "தற்காலிகமாக" என்று இறக்கிய நீர்மட்டத்தை மேலே கொண்டுவர 35 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் கடைமடை விவசாயி இழந்ததை யாரும் திருப்பித் தரவில்லை. ஆய்வு என்று சொன்னாலே அவருக்கு இன்னொரு இறக்கம் ஞாபகத்துக்கு வருகிறது. கேரளத்தின் சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. தன் மண்ணில் நிற்கும் அணையின் கருவி அளவீடுகளைத் தெரிந்துகொள்ளக்கூட அது நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இந்த அணை போனால் கேரளத்தில் உயிர்கள் போகும். அதே நாளில் ஐந்து தமிழக மாவட்டங்களின் தண்ணீரும் போகும். புதிதாக இன்னொன்று கட்ட எத்தனை வருடம், எத்தனை வழக்கு? அணை நிற்க வேண்டும் என்பதில் எல்லோரையும்விட அதிக அக்கறை இருக்க வேண்டியது அதன் சொந்தக்காரருக்கு. முழுமையான அபாய மதிப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டியது தமிழ்நாடுதான். கசிவு நீர் எத்தனை, வடங்களின் இழுவிசை எத்தனை, ஷட்டர்கள் எந்த நிலையில் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் மாதந்தோறும் வெளியிட்டால் வதந்திக்குத் தீனி குறையும். கேரளம் தன் பங்குக்கு மரத்தை வெட்ட விட வேண்டும். இடுக்கியின் நீர்மட்டத்தையும் அதே கணக்கில் சேர்த்து வைக்க வேண்டும்.

மதிப்பீடு எந்த விடையைத் தந்தாலும் சரி. 142 அடி பத்திரம் என்று வரலாம். ஆகஸ்டில் மட்டும் குறைத்து வையுங்கள் என்று வரலாம். பழைய அணைக்குக் கீழே புது அணை வேண்டும் என்றுகூட வரலாம். அந்த விடையை இரண்டு மாநிலமும் ஏற்க வேண்டுமானால், கேள்வியை இரண்டும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். அதுவரை தோப்பும்படியில் மழை வலுக்கும்போதெல்லாம் பயப்படுகிறவர் பயந்துகொண்டும், நம்புகிறவர் நம்பிக்கொண்டும் இருப்பார்கள். வண்டிப்பெரியாற்றில் இருப்பவர் இரவில் தூங்காமல் இருப்பார்.